கோழிக்கு ஒரு வீடு



திண்டுக்கல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பூட்டு. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டின் பெருமையை நான் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழனி வட்டத்தைச் சேர்ந்த எங்கள் கீரனூர்ப் பக்கத்தில் கோழிக்கூட்டுக் கதவுக்கும் பூட்டுப் போடுவோர் உண்டு. நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைக்கும் இந்நாளில் அது வேண்டியதே. ஆனால் பூட்டுத் தடுப்பது ஒரே ஒரு திருடனை. இரண்டு கால்களால் நடந்து வருகிறவனை. தோண்டி வருவனவும், ஊர்ந்து வருவனவும், சுவரின் வெடிப்பில் ஒளிந்திருப்பனவும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தரையில் ஓசையின்றி ஊறும் ஈரமும் பூட்டுக்கு அஞ்சுவதில்லை. அவற்றைத் தடுக்க வேண்டியது கூட்டின் அமைப்பு. அந்த அமைப்பைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

கோழிக்கூடும் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று மாணவ நண்பர்கள் சிலர் புன்னகை புரியலாம். சிற்றூர் வீடுகளில் கோழி யாருடைய உடைமை என்று எண்ணிப் பாருங்கள். நிலமும் மாடும் வீட்டுத் தலைவரின் கணக்கில் இருக்கும். கோழியும் முட்டையும் வீட்டுப் பெண்களின் கணக்கில் இருக்கும். அவற்றை விற்று வரும் காசுக்குச் ‘சிறுவாடு’ என்று அழகான பெயர் ஒன்று நம் மொழியில் உண்டு. அஞ்சறைப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தச் சிறுவாட்டுப் பணந்தான் நோட்டுப் புத்தகமாகவும், பேருந்துக் கட்டணமாகவும், காய்ச்சலுக்கு மருந்தாகவும் மாறுகிறது. ஒரே வாரத்தில் கோழிகள் கழிந்து மடியும்போது பல மாதச் சேமிப்பு மண்ணுக்குள் போகிறது. அந்த இழப்பு எந்த வங்கிக் கணக்கிலும் பதிவாவதில்லை. ஆதலால் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இந்த உண்மையை முன்னரே உணர்ந்து செயற்பட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956 முதல் தமிழகத்தின் பகுதியாக விளங்கும் மார்த்தாண்டத்தில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் கிராம முன்னேற்றப் பணி செய்தார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் அப்பணியில் முதன்மை பெற்றன. முட்டைகளைக் கூட்டுறவு முறையில் சேர்த்து விற்கும் ஏற்பாடும் அங்கே நடந்தது. பெரிய முதலைத் தேடி அலையாமல், வீட்டுக் கொல்லையில் ஏற்கெனவே இருப்பதைத் திருத்துவதே அவர் கண்ட வழி. நாமும் அவ்வழியிலேயே தொடங்குவோம்.

ஒரு வீட்டைக் கட்டுவதற்கு முன் அதில் குடியிருக்கப் போவது யார் என்று அறிய வேண்டும். கோழியின் முன்னோர் காட்டுப் பறவைகள். உலகெங்கும் வளரும் கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. எனினும் எங்கள் ஊருக்குத் தெற்கே நிற்கும் பழனி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் அந்த உறவில் பங்கு உண்டு. வீட்டுக் கோழிகள் பலவற்றின் கால்களில் காணும் மஞ்சள் நிறம் அதனிடமிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். காட்டுக்கோழி பகலெல்லாம் தரையைக் கிளறி இரை தேடும். புழுதியில் புரண்டு உடலைத் தூய்மை செய்யும். மறைவான இடத்தில் முட்டையிடும். இருட்டத் தொடங்கியதும் மரக்கிளையில் ஏறி அமரும். மங்கிய ஒளியில் அதற்குக் கண் நன்கு தெரியாது. தரையில் இருந்தால் பகைக்கு இரையாகிவிடும். வீட்டுக்கு வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் கோழி இந்தப் பழக்கங்களை மறக்கவில்லை. ஆகவே கிளறுவதற்கு உலர்ந்த தரை, புரள்வதற்குப் புழுதி, முட்டையிட மறைவு, உறங்க உயரம் ஆகிய நான்கும் இருந்தால் அது வீடு. இல்லையேல் அது வெறும் பெட்டி.

இனி மனை பார்ப்போம். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். இதற்குக் காரணம் சாத்திரம் அன்று, பூகோளம். நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழப் பத்தரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த வெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். கூட்டுக்குள் நுழைந்து வாட்டுவது காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில்தான். நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் அந்த வெயில் குறுகிய இரு பக்கச் சுவர்களில் மட்டுமே படும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால், தெற்குப் பக்கத்தின் வழியாக இளவெயில் உள்ளே புகுந்து தரையை உலர்த்தும்.

காற்றும் இதே திசையமைப்பையே வேண்டுகிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்றின் வேகத்தை எங்கள் பக்கத்துத் தென்னைகளைக் கேட்டால் சொல்லும். அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலைச் சமவெளியில் காற்றாலைகள் நிற்கின்றன. மேற்கே குறுகிய சுவரை முழுதும் அடைத்துக் கட்டினால் அந்த வேகம் கூட்டைத் தாக்காது. வடக்கும் தெற்கும் திறந்த பக்கங்களின் வழியே காற்று மென்மையாக உலவும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆதலால் வடபுறத் தாழ்வாரத்தை 3 அடி நீட்டி விட வேண்டும். மழை வேளையில் மட்டும் அந்தப் பக்கம் சாக்குப் படுதா ஒன்றைத் தொங்கவிடலாம். அப்போதும் மேலே ஒரு சாண் இடைவெளி திறந்திருக்க வேண்டும்.

அளவுகளைச் சொல்வதற்கு எங்கள் தோட்டத்துக் கூட்டையே எடுத்துக்கொள்கிறேன். இருபது பெட்டைகளுக்கும் இரண்டு சேவல்களுக்கும் உரியது அது. கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நீளம் 10 அடி, அகலம் 5 அடி வைத்தால் 50 சதுர அடி கிடைக்கிறது. இருபத்திரண்டு பறவைகளுக்குத் தாராளம். நடுவில் உயரம் 6 அடிக்குக் குறையலாகாது. ‘கோழிக்கு எதற்கு இவ்வளவு உயரம்?’ என்று அயலார் கேட்பதுண்டு. உயரம் கோழிக்காக மட்டும் அன்று, பெருக்குகிறவருக்காகவும்தான். மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாத கூடு மாதத்துக்கு ஒருமுறைகூடத் தூய்மை பெறுவதில்லை.

தரையை வெளி மட்டத்துக்கு ஓர் அடி மேலாகக் கல்லிட்டு உயர்த்துவது முதல் வேலை. பக்கச் சுவர் ஒன்றரை அடி உயரம் போதும். அதற்கு மேல் கம்பி வலை. வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படாமல் இருந்தால் எலியும் கீரியும் நுழைய வழியில்லை. பெரும்பாலான பாம்புகளும் நுழைய மாட்டா. சுவரில்லாமல் வலையை மட்டுமே நிறுத்துவோர் அதை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். தோண்டும் விலங்கு வேலியின் அடியிலேயே தோண்டத் தொடங்கும். கூரைக்குத் தென்னங்கீற்றோ பனையோலையோ வெப்பத்தைத் தடுப்பதில் சிறந்தவை. தகரம் வேய்ந்தவர்கள் அதன்மேல் கீற்றைப் பரப்பலாம்; அல்லது கோடைக்கு முன் வெள்ளை அடிக்கலாம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியசு. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை; வாயைத் திறந்து இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள காற்றின் சூடு அதன் உடற்சூட்டை நெருங்கும்போது வெறும் காற்றோட்டம் பயன்படாது. நிழலும் குளிர்ந்த நீருமே காக்கும். சித்திரை நண்பகலில் இறகுகளை அகற்றி வாயைத் திறந்து நிற்கும் கோழி, கூரையைக் குறித்து நமக்கு விண்ணப்பம் செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

உள்ளே, தரையிலிருந்து 2 அடி உயரத்தில், விளிம்பு மழுங்கிய இரண்டு அங்குலக் கனமுள்ள கழிகளை நீளவாட்டில் கட்ட வேண்டும். கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் வீதம் இருபத்திரண்டுக்கு 15 அடி போல வரும். 10 அடிக் கழிகள் இரண்டு போதும். இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பது நலம். ஒன்று உயர்ந்திருந்தால் மாலைதோறும் அந்த மேலிடத்துக்காகச் சண்டை நடக்கும். முட்டையிட ஐந்து பெட்டைக்கு ஓர் இடம் என்று, வாயகன்ற மண்சட்டியில் வைக்கோலிட்டு இருண்ட மூலையில் வைத்தால் போதும். ஒரு தொட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் புழுதிக் குளியலுக்கு ஆயிற்று.

இப்போது பூட்டுக்கு அஞ்சாத பெரிய திருடனாகிய ஈரத்துக்கு வருவோம். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு இடும் எச்சம் ஏறத்தாழ 100 கிராம். அதில் முக்கால் பங்கு நீர். இருபத்திரண்டு கோழிகள் இடுவது 2 கிலோவுக்கு மேல். அதிலுள்ள நீர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பாதி இரவில் விழுவதாக வைத்துக்கொண்டாலும், மாதம் ஒன்றில் ஒன்றரைக் குடம் தண்ணீரைக் கூட்டுத் தரையில் ஊற்றியதற்கு ஒப்பாகும். நாட்டுக்கோழி உருவில் சிறியது; ஆகவே அளவு சற்றுக் குறையலாம். ஆயினும் குடத்துத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி குறையாது. போக வழியில்லையேல் அது நோயாகவே மாறும். குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சலின் கிருமி எச்சத்தோடு வெளியே வருகிறது. வெளிவந்த உடனே அதற்குத் தொற்றும் ஆற்றல் இல்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் அந்த ஆற்றலைப் பெறுகிறது. உலர்ந்த தரையில் அது முதிர்வது அரிது. ஆகவே உலர்ந்த தரை என்பது வெறும் அழகன்று. அதுவே முதல் மருந்து.

தரையை உலர வைக்க எளிய வழி ஆழ்கூளம். நெல் உமியையோ நிலக்கடலைத் தோலையோ 3 அங்குலம் பரப்பி, சிறிது சிறிதாகச் சேர்த்து 6 அங்குலம் வரை உயர்த்துவது. கோழிகளே அதைக் கிளறிவிடும்; நாமும் வாரத்துக்கு இருமுறை கிளறிவிட வேண்டும். அதற்குள் நுண்ணுயிர்கள் பெருகி எச்சத்தைச் சிதைத்து எருவாக்குகின்றன. இந்த முறையின் பயனை 1940களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து நிறுவினர். கூளம் சரியாக இருக்கிறதா என்று அறியக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் கட்டியாகவே நின்றால் ஈரம் மிகுதி. தூசியாகப் பறந்தால் உலர்வு மிகுதி. மெல்ல உதிர்ந்தால் பதம். இன்னொரு சோதனையும் உண்டு. விடியற்காலையில் கூட்டுக்குள் குந்தி அமர்ந்து, கோழியின் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சு விடுங்கள். அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தால், நிற்கும் உயரத்தில் நமக்குத் தெரியாத துன்பத்தை இரவு முழுதும் அந்தப் பறவைகள் அனுபவித்திருக்கின்றன என்று பொருள். நனைந்த கூளத்தை அள்ளி எறிந்து உலர்ந்ததைப் பரப்ப வேண்டும். காற்றுவழியை இன்னும் சற்றுத் திறக்க வேண்டும். அள்ளியதும் வீணன்று. மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரைச் சதவிகித அளவே உண்டு. நன்கு மக்கிய கோழிக் கூள எருவில் 3 சதவிகித அளவு உண்டு. தென்னைக்கு அதைவிட நல்ல விருந்து ஏது?

சுவர் வெடிப்புகளையும் மறந்துவிடலாகாது. பகலில் அவற்றுக்குள் ஒளிந்திருந்து இரவில் வெளிவந்து இரத்தம் குடிக்கும் கோழி உண்ணி என்ற சிற்றுயிர் உண்டு. காரணம் தெரியாமல் கோழிகள் மெலிந்தால், விளக்கை எடுத்துக்கொண்டு இரவில் கழிகளின் முட்டுகளையும் சுவரையும் பார்க்க வேண்டும். வெடிப்புகளைப் பூசி, ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பு அடித்து, கழிகளைக் கழற்றி வெயிலில் காய வைப்பதே இதற்குத் தற்காப்பு. கழிகளை ஆணி அடித்து நிலைநிறுத்தாமல் கயிற்றால் கட்டுவதன் நன்மை அப்போது விளங்கும்.

புதியன சொல்லும்போது பழையதன் சிறப்பையும் சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடிய பஞ்சாரம் ஒரு நல்ல கண்டுபிடிப்பு. காற்று நுழையும், பருந்து நுழையாது, காகம் எட்டாது. ஓரிடம் ஈரமானால் அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். அடித்தரை இல்லாத நகரும் கூண்டுகளை இன்று மேல்நாடுகளில் புதுமையாகப் பேசுகிறார்கள். நம் வீடுகளில் மூங்கில் பிளாச்சினால் முடைந்த அந்தப் புதுமை எந்நாளோ வந்துவிட்டது. அதே பஞ்சாரத்துக்கு இன்னொரு பணியும் தரலாம். சந்தையில் வாங்கி வந்த கோழியை இரண்டு வாரம், மற்றக் கோழிகளுக்குத் தொலைவில், அதற்குள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் சந்தைக் கூடையில் அமர்ந்துதான் ஊருக்குள் வருகிறது.

அந்த நோய்களுள் கொடியது வெள்ளைக் கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டது. 1927இல் நம் நாட்டில் இமயச் சாரலிலுள்ள ரானிக்கெட்டில் காணப்பட்டது. ஆதலால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நாம் ரானிக்கெட் நோய் என்கிறோம். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டாம் வார அளவில் ஓர் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் இது கிடைக்கிறது. ஊர்களுக்கே வந்து முகாம் நடத்திப் போடுவதும் உண்டு. ஆனால் முகாம் நாளன்று வேப்பமரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் கோழிக்கு ஊசி போடுவது எப்படி? கூட்டில் அடையும் கோழியை விடியுமுன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம். கூடு இல்லாத வீட்டில் தடுப்பூசியும் இல்லை. ஊரில் பாதி வீடுகளில் ஊசி இல்லையென்றால் மறுபாதிக்கும் காவல் குறைகிறது. என் வீட்டுக் கூடு என் அயல்வீட்டுக்கும் அரணாவது இவ்வாறுதான்.

நாமக்கல் வழியாகப் பயணம் செய்யும் மாணவர்கள் அங்குள்ள நீண்ட கோழிப் பண்ணைகளைக் கவனிக்க வேண்டும். அவையும் கிழக்கு மேற்காகவே நிற்கின்றன, பக்கங்கள் திறந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்க்கும் இருபது வளர்ப்பவர்க்கும் சூரியன் ஒன்றே. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நெருக்கமான கம்பிக் கூண்டில் கோழி இறகை விரிக்கவும் இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய விதிகளின்படி, முட்டைக் கோழிகளுக்கு அத்தகைய வெறுங்கூண்டுகள் 2012 முதல் அங்கே விலக்கப்பட்டன. முட்டையிட மறைவும், ஏறி அமரக் கழியும், கிளறக் கூளமும் வேண்டும் என்பது அந்த விதி. நம் கொல்லைக் கூட்டில் மண்சட்டியும் கழியும் உமியும் வைக்கிறவர் அந்த விதியை எந்தச் சட்டமும் சொல்லாமலே நிறைவேற்றிவிடுகிறார்.

கூட்டைக் கட்டுவது இரண்டொரு நாள் வேலை. அதைத் திருத்துவது நாள்தோறும் நடக்கும் வேலை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யப் பணம் இல்லாதவர்களுக்கு நான் ஒரு வரிசை சொல்வேன். முதலில் தரையை உயர்த்துங்கள். அடுத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். மூன்றாவதாக வலையின் கண்ணைச் சிறிதாக்குங்கள். கூரையின் அழகு கடைசியில் வரட்டும். பழைய பானையும் சாக்கும் கழியும் பயன்படும் இடத்தில் புதியதற்குச் செலவிடாதீர்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். பொரித்த குஞ்சு எத்தனை, வளர்ந்தது எத்தனை, இறந்தது எதனால், முட்டை எத்தனை, மழை பெய்த நாள் எது, கூளம் மாற்றிய நாள் எது என்று எழுதி வாருங்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை இடும். அதைக் கூடு பெருக்கிவிடாது. இட்ட முட்டை குஞ்சாகவும், குஞ்சு கோழியாகவும் நிலைப்பதற்கே கூடு. அந்த நிலைப்பு எங்கே அறுகிறது என்பதை உங்கள் நோட்டு ஓர் ஆண்டில் காட்டிவிடும். கார்த்திகையில் சாவு மிகுந்தால் வடபுறத் தாழ்வாரத்தைப் பாருங்கள். சித்திரையில் மிகுந்தால் கூரையைப் பாருங்கள். குஞ்சுகள் மட்டும் குறைந்தால் தரையையும் வலையையும் பாருங்கள். விஞ்ஞானம் என்பது பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும் இருப்பதன்று. காரணத்தைத் தேடி, ஒன்றை மாற்றி, விளைவை எழுதிப் பார்க்கும் இடமெல்லாம் விஞ்ஞானந்தான்.

ஓர் ஆண்டுக் கணக்கை எழுதி முடித்ததும் அதை முதலில் உங்கள் தாயாரிடம் படித்துக் காட்டுங்கள். அந்தச் சிறுவாட்டுக்கு உரியவர் அவரே. எதை முதலில் திருத்துவது என்று அவர் சொல்லட்டும். கடப்பாரையை நீங்கள் எடுங்கள்.